தம்பித்துரை அண்ணைக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த பாடம்

டொக்டரை ஏமாற்றியது நான்தான். யோசனை குலேந்திரனுடையது, சம்மதித்தது தம்பித்துரை அண்ணை, ஆனால் கடதாசியைக் களவெடுத்து ஆறு நாள் பக்கத்தில் இருந்து பாடம் நடத்தியது நான். நாங்கள் இருக்கிற லாங்கன்தாலில் இந்தக் கதையை இப்போது ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். சிலர் என்னைக் கண்டால் கடைக்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். மூக்கு நுனியில் கோபம் உள்ளவன் என்று எனக்கு ஏற்கனவே பெயர், இனி இதுவும் சேரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

தம்பித்துரை அண்ணையிடம் ஒரு கார் இருந்தது. 1969ஆம் ஆண்டுப் பொன்டியாக் ஜி.ரி.ஓ. கடும்பச்சை நிறம், எட்டு சிலிண்டர், ஆறு தசம் ஆறு லீற்றர் எஞ்சின். அவர் 1984இல் அகதியாக வந்து முதலில் ஒரு கராஜில் கார் கழுவினார். அந்த முதலாளி அமெரிக்கக் கார்ப் பைத்தியம். சுவிசில் அந்தப் பைத்தியம் பழையது. பீல் நகரத்தில் ஒருகாலம் அமெரிக்கக் கார்களைப் பூட்டி விற்ற நாடு இது. முதலாளியிடமிருந்து அண்ணைக்குத் தொற்றியது, அண்ணையிடமிருந்து எனக்கும் குலேந்திரனுக்கும் தொற்றியது. ஹுட்வில் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டிலில் எஞ்சின் இறுகிக் கிடந்த அந்தக் காரை 1998இல் கட்டி இழுத்து வந்து, பதினொரு வருடம் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

2009 மே மாதம் கார் அரசாங்கப் பரிசோதனையில் தேறி நம்பர் தகடு வந்தது. அந்த மாதம் நாங்கள் எல்லோரும் ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பேர்ணிலும் ஜெனீவாவிலும் தெருவில் நின்றோம். தகடு வந்த உறையைக்கூட அவர் உடைக்கவில்லை. ஒக்டோபரில்தான் அவருடைய மனைவி யோகாம்பாள், நாங்கள் யோகக்கா என்று கூப்பிடுகிறவர், "கொண்டுபோய்ப் பூட்டுங்கோ, அந்த உறையைத் தூசி தட்டித் தட்டி எனக்கு அலுத்துப் போச்சு" என்று சொல்லிப் பூட்டவைத்தார்.

அதிலிருந்து ஒன்பது வருடம், ஞாயிறு பின்னேரம் என்றால் அண்ணையின் வாடகைக் கராஜில்தான் நாங்கள். குலேந்திரன் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. ஞாயிறு லீவு கிடைத்தால் ரயிலேறி வந்துவிடுவான். நான் இங்கேயே தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் மேல்மாடிக் கிழவி பொலிசைக் கூப்பிடுவாள். ஆனபடியால் காரைச் சுற்றிக் கதிரை போட்டுக் கதைதான். எந்தக் கார் கால் மைலை எத்தனை செக்கனில் ஓடியது, எந்த வருடத்தில் எத்தனை குதிரைவலு, எதற்கு எந்த கார்பரேட்டர். குலேந்திரன் ஹெமி எஞ்சின் கட்சி. நான் செவெல் காரின் 454 எஞ்சின் கட்சி.

"உன்ரை 454 நேர்ரோட்டிலை ஓடத்தான் சரி," என்பான் குலேந்திரன். "ஒரு வளைவு வந்தா அலுமாரியைத் தள்ளிக்கொண்டு போற மாதிரி."

"உன்ரை ஹெமிக்குப் பெற்றோல் ஊத்துறதுக்குப் பின்னாலை ஒரு பவுசர் வரவேணும். கதைக்க வந்திட்டார்."

அண்ணை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். பிறகு இலக்கம் இலக்கமாக எடுத்துப் போடுவார். ஜி.ரி.ஓ. எஞ்சினில் சிலிண்டர்கள் தீப்பிடிக்கும் ஒழுங்கை ஒரே மூச்சில் சொல்லுவார்: ஒன்று, எட்டு, நாலு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு. நூற்றியிருபதுக்கு மேல் போனால் அபராதம், முந்நூறு மீற்றருக்கு ஒரு வளைவு என்று இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் கால் மைல் ஓட்டத்துக்கு அடிபட்டோம். எங்களைப் போல் சந்தோசமான மூன்று விசரரை நான் கண்டதில்லை.

2017 கடைசியில்தான் எனக்கு முதன்முதலாக உறுத்தியது. சுஸ்டன் மலைப்பாதையில் ஒரு போர்ஷேக்காரனை முந்திய கதையை அண்ணை சொன்னார். அருமையாகச் சொன்னார். கால் மணித்தியாலம் கழித்து, தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "உங்களுக்கு நான் அந்தப் போர்ஷேக்காரன்ரை கதை சொன்னனானோ?" என்று கேட்டு அதே கதையை அதே சிரிப்போடு மறுபடி சொன்னார். நானும் குலேந்திரனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது கதைக்க வேண்டி வந்திருக்கும்.

அடுத்த வைகாசியில், வீட்டிலிருந்து ஐந்நூறு மீற்றர் தூரத்தில், முப்பது வருடம் ஓடிய சுற்றுவட்டத்தில் அண்ணை எதிர்ப்பக்கமாக நுழைந்தார். நல்ல காலம், அன்றாடம் ஓடுகிற சின்னக் காரில்தான் போனார். எதிரே வந்த பஸ்காரன் நிற்பாட்டி, இறங்கி வந்து, பொலிசுக்குப் போன் அடித்தான். மூன்று கிழமையில் லைசென்ஸ் கொடுக்கிற வாகனக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வயது அறுபத்தெட்டு, வாகனம் ஓட்டத் தகுதியா என்று டொக்டரிடம் சோதித்து, இத்தனையாம் திகதிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும்.

அந்த ஞாயிறு அண்ணை கடிதத்தை எங்கள் முன்னால் போனட்டின் மேல் வைத்தார். மடிப்பை விரித்து, திரும்ப மடித்து, மறுபடி விரித்தார்.

"லைசென்ஸ் போனா நான் இருந்து என்னத்துக்கு?" என்றார். "கார் கழுவ வந்தனான். ஓடிக் காட்டினனான். அதுவும் இல்லையெண்டா நான் ஆர், சொல்லு பாப்பம்."

குலேந்திரன்தான் சொன்னான். "அண்ணை, இது என்ன பெரிய விசயம். அவங்கள் கேள்வி கேப்பாங்கள், நாங்கள் மறுமொழி சொல்லோணும். பேர்ணிலை எத்தினை விசாரணை பாத்தனாங்கள். உங்களிட்டைப் பாடம் எடுத்துத்தானே அகதிக் காம்பிலை அரைவாசிப் பேர் பாஸ் பண்ணினது."

அது உண்மை. அந்த அரைவாசிப் பேரில் நானும் ஒருவன். 1985இல் என்னுடைய முதல் அகதி விசாரணை நாசமாகப் போனது. என் தம்பியை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்குத் திகதி மாறும், கிழமை மாறும், அழுதுவிடுவேன். அதிகாரி என்னைப் பொய்யன் என்று எழுதினான். இரண்டாம் விசாரணைக்கு முன்னால் தம்பித்துரை அண்ணை பத்து நாள் காம்பில் என் கட்டிலில் வந்திருந்து, என் தம்பியின் கதையை எனக்கே பாடமாக்கித் தந்தார். எந்தத் திகதி, எத்தனை மணி, எத்தனை வாகனம். அழாமல் சொல்லப் பழக்கினார். உண்மையையும் பாடமாக்கிச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் படித்த முதல் பாடம். எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது அப்படித்தான்.

அப்படிப்பட்ட மனிசன் கடிதத்தைக் காட்டிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது நான் என்ன சொல்ல முடியும்? "விடுங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்றேன்.

என் மகள் மிதுஷா தாதிப் படிப்பு இரண்டாம் வருடம். மறதி நோயைச் சோதிக்கும் தாள் ஒன்று அவளுடைய ஃபோல்டரில் கிடந்ததை ஏற்கனவே கண்டிருந்தேன். அவள் வேலைக்குப் போனபிறகு எடுத்து, கைப்பேசியில் படம் பிடித்து, இருந்த மாதிரியே வைத்தேன். டொக்டரும் அதே தாளைத்தான் வைத்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் இருந்ததை வைத்துத் தொடங்கினோம்.

ஐந்து சொல்லை டொக்டர் சொல்லுவார், ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தோள், கம்பளி, பாலம், அப்பிள், பச்சை. ஜெர்மனில்தான் சொல்ல வேண்டும். அண்ணைக்குக் கராஜ் ஜெர்மன் தண்ணி பட்ட பாடு. நான் அதைக் காரோடு சேர்த்துக் கட்டினேன். "தோளிலை கம்பளி போட்ட ஒருத்தன், ஆரே ஆத்துப் பாலத்தாலை போறான், கையிலை அப்பிள், கார் பச்சை." அண்ணைக்கு உடனே பிடித்துவிட்டது. "பச்சை எண்டா ஜி.ரி.ஓ. தானே," என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். கழிக்க வரவில்லை. சரி, கழிக்க வேண்டாம், பாடமாக்குங்கோ என்றேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. சிலிண்டர் ஒழுங்கைச் சொல்லுகிற அதே ராகத்தில் அதையும் சொன்னார். வட்டம் போட்டு மணிக்கூடு கீறி, முள்ளுகளைப் பதினொன்று பத்தில் காட்ட வேண்டும். முதல் நாள் எல்லா இலக்கத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபது தடவை கீறவைத்தேன். குலேந்திரன் தொலைபேசியில் கூப்பிட்டு, திடீர் திடீரென்று கேள்வி கேட்டான். நாங்கள் சிரித்தோம். உண்மையில் அந்தக் கிழமை நல்லாகச் சிரித்தோம்.

நாலாம் நாள் வேலை முடிந்து நேரே கராஜுக்குப் போனேன். அண்ணை கதிரையை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி, "நித்தி, பயப்பிடாதை. அவன் எப்பிடிக் கேட்டாலும் தம்பியைப் பிடிச்ச திகதியை மட்டும் மாத்திப் போடாதை" என்றார்.

அவர் எனக்குப் பாடம் சொல்லித் தந்துகொண்டிருந்தார். அவருக்கு அது 1985. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று இன்றைக்கு நான் சொன்னால் அது பச்சைப் பொய். மனிசனுக்கு மண்டைக்குள் ஏதோ நடக்கிறது, இவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது என்று நன்றாக விளங்கியது. நான் என்ன செய்தேன்? "ஓம் அண்ணை, மாத்தமாட்டன்" என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்து, "சரி, நீங்கள் அந்த அஞ்சு சொல்லையும் சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். சொன்னார். ஒன்றுகூடப் பிழையில்லை.

டொக்டரிடம் அதே தாள்தான் இருந்தது. நான் வெளியே கதிரையில் இருந்தேன். அண்ணை வரும்போது முகமெல்லாம் பல். முப்பதுக்கு இருபத்தெட்டு. டொக்டர் கை கொடுத்தாராம். யோகக்கா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, எனக்கும் ஒரு பெட்டியில் பிரசாதம் அனுப்பினார். நான் அதைச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை காலமை, எனக்குப் பின்னேர வேலை. குலேந்திரனுக்கு ஒருக்கா ஓடிக் காட்டிவிட்டு வருவோம் என்று அண்ணை ஜி.ரி.ஓ.வை வெளியே எடுத்தார். ஹுட்வில் தாண்டி, வில்லிசாவ் பக்கமாக லுசேர்ண் போகிற பாதை. என்ன ஓட்டம் தெரியுமா? கியர் மாற்றுவது காதுக்குத் தெரியாது. வளைவுக்கு முன்னால் ஒரு தட்டு, வளைவுக்குள் இழுவை, வெளியே வரும்போது அந்த எட்டு சிலிண்டரும் சேர்ந்து ஒரு முழக்கம். கையும் காலும் முப்பத்தைந்து வயதுக்காரனுடையவை. என் வயிற்றுக்குள் இருந்த பயமெல்லாம் போய்விட்டது. நான் செய்தது சரி என்றுகூட நினைத்தேன்.

ஒரு ஊர் வந்தது. ஐம்பது என்று பலகை. அண்ணை எழுபதில் போனார். முன்னால் தெருவுக்குக் குறுக்கே மஞ்சள் கோடு போட்ட கடவை. கடவையில் பாலர் வகுப்புப் பிள்ளைகள், கழுத்தில் செம்மஞ்சள் பட்டி மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு பேராகக் கை பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்துக்கொண்டே சிரித்தார். கால் பெற்றோல் மிதியில் இருந்தது.

அந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஒன்பது வருடம் வாயடித்தவன் நான். கை பிரேக்கைத் தேடிக் கையை விட்டேன். அந்தக் காரில் அது கைக்கு இல்லை. ஓட்டுகிறவரின் இடது காலடியில் மிதியாக இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. "அண்ணை, பிரேக்," என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அடித்தார். கார் மூக்குக் குத்தி, சில்லுச் சத்தத்தோடு இழுபட்டுப் போய், முன்சில்லு மஞ்சள் கோட்டின் மேல் ஏறி நின்றது. கூடவந்த ஆசிரியையின் கை கடைசியாக நின்ற பிள்ளையின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்திருந்தது. பிள்ளைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கதிரை வைக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பெண் எங்களை ஏசவில்லை. பிள்ளைகளை ஓரத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"முன்னுக்கு டிஸ்க் போட்டது நல்லதாப் போச்சு," என்றார் அண்ணை. "ட்ரம் பிரேக் எண்டா இன்னும் ஆறு மீற்றர் போயிருக்கும்."

ஊர் எல்லை தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்ரா உனக்கு இப்பிடி வேர்க்குது?" என்று கேட்டார். அவருக்கு அந்தப் பிள்ளைகள் நினைவிலேயே இல்லை. நான் வயிறு சரியில்லை என்று சொல்லி நிற்பாட்டவைத்து, திறப்பை வாங்கி, நானே திருப்பி ஓட்டி வந்தேன். வீடு வரும் வரை அவர் பிரேக்கைப் பற்றித்தான் கதைத்தார்.

அன்றைக்கே மிதுஷாவுக்குச் சொன்னேன். அவள் அதிகம் கதைக்கிற பிள்ளையில்லை. கேட்டு முடித்து, "என்ரை ஃபோல்டரிலை இருந்தோ எடுத்தனீங்கள்?" என்றாள்.

"ஓம்."

"அப்பா, அது பாஸ், ஃபெயில் எண்டுற சோதினை இல்லை. அவருக்கு என்ன நடக்குது எண்டு பாக்கிறதுக்கு. நீங்கள் பாக்க விடேல்லை." அறைக்குள் போகப் போனவள் திரும்பி வந்தாள். "நாளைக்கே டொக்டருக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

குலேந்திரனுக்குப் போன் அடித்து, நடந்ததையும் டொக்டரிடம் சொல்லப் போவதையும் சொன்னேன். அவன் வெங்காயம் வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"என்ன மச்சான், காட்டிக் குடுக்கப் போறியோ?" என்றான்.

அந்தச் சொல் எங்கள் ஆட்களிடம் சும்மா சொல்லுகிற சொல் இல்லை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "உன்ரை பிள்ளை அந்தக் கடவையிலை நிண்டிருந்தா என்னடா செய்வாய்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே. திறப்பை நீ வாங்கி வை. அவருக்கு மறந்து போயிடும். டொக்டருக்கு ஏன்?" பிறகு சொன்னான், "உன்ரை கேஸுக்கு அவர் பத்து நாள் இருந்தவர், நித்தி. அதை மறந்திட்டியோ?"

தொலைபேசியை வைத்துவிட்டேன். மறக்கவில்லை என்பதுதான் என் கரைச்சலே. மறந்திருந்தால் முதல் நாளே மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு குலேந்திரன் லாங்கன்தால் பக்கம் வரவில்லை.

அடுத்த நாள் அண்ணை குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து யோகக்காவிடம் சொன்னேன். தாள், ஐந்து சொல், மணிக்கூடு, கடவை, எல்லாம். ஏசுவார் என்று நினைத்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவர் குசினிக் கதிரையில் இருந்து மேசைச் சீலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இரண்டு வருசமா எனக்குத் தெரியும்," என்றார். "அடுப்பைப் போட்டிட்டு மறக்கிறார். ஒருநாள் என்னைப் பாத்து, நீங்கள் ஆரின்ரை வீட்டுக்கு வந்தனீங்கள் எண்டு கேட்டவர். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பேர்ணிலை ஞாபகசக்தி பாக்கிற இடத்திலை நாள் குறிச்சு டெர்மின் எடுத்து வைச்சிருந்தனான், அவருக்குத் தெரியாமல். இருபத்தெட்டு எடுத்தவுடனை அதை வேண்டாம் எண்டிட்டன்." குளியலறைப் பக்கம் ஒருக்கா எட்டிப் பார்த்தார். "அவருக்கு ஒண்டும் இல்லை, எனக்குத்தான் மண்டை பிசகிப் போச்சு எண்டு நினைச்சன் நித்தி. அந்த இரண்டு கிழமையும் நான் எனக்குத்தான் டொக்டர் தேடினனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயது கிட்டுகிற ஆம்பிளை, அந்த மனுசியின் குசினியில் நின்று விம்மினேன். அவர் எழும்பித் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

டொக்டருக்கு நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டார். காம்ப், விசாரணை, பத்து நாள் என்று தொடங்கினேன்; ஜெர்மனில் அது விளங்குகிற மாதிரி வரவில்லை. அண்ணையும் யோகக்காவும் நானும் வந்தால் வேறு தாளில் மறுபடி பார்ப்போம் என்றார்.

இந்த முறை என்னையும் யோகக்காவையும் உள்ளே இருக்கச் சொன்னார். அண்ணை நல்ல சேர்ட் போட்டு, தலையை வாரி வந்திருந்தார். டொக்டர் ஐந்து புதுச் சொற்களைச் சொன்னார். பிறகு எண்பதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னார். அண்ணை நிமிர்ந்து இருந்து, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று மளமளவென்று சொல்லி முடித்தார். டொக்டர் எழுதினார். மணிக்கூட்டில் நாலுக்கு இருபது நிமிடம் இருக்கிறது, கீறுங்கள் என்றார். பதினொன்று பத்து கீறினார். அழகான வட்டம். பிறகு டொக்டர் அந்த ஐந்து சொற்களையும் கேட்டார். தோள், கம்பளி, பாலம், அப்பிள், பச்சை என்றார் அண்ணை. டொக்டர், அவை இல்லை, நான் இப்போது சொன்னவை, என்று மெதுவாகச் சொன்னார்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்காத கேள்வி வந்த பிள்ளையின் முகம்.

"நித்தி," என்றார் தமிழில், "உதை நீ சொல்லித் தரேல்லையே."

என் வாயில் அந்த ஐந்து புதுச் சொற்களும் நின்றன. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

லைசென்ஸ் போனது. ஜி.ரி.ஓ.வின் தகட்டைக் கழற்றிக் கந்தோரில் கொடுத்தோம், பற்றரியை எடுத்துவிட்டோம். பேர்ணில் டெர்மின் மறுபடி கிடைத்து, நோய்க்குப் பெயர் வைத்து, மருந்தும் தொடங்கினார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிற்பாட்டவில்லை. இப்போது கராஜில் நாங்கள் இரண்டு பேர்தான். ஹெமிக்காகவும் நான்தான் வாதாட வேண்டியிருக்கிறது. அண்ணைக்கு இலக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஒவ்வொரு ஞாயிறும் அரை மணித்தியாலத்துக்குள் சட்டைப் பையைத் தடவத் தொடங்குவார்.

"லைசென்ஸைக் காணேல்லை."

"குடுத்தாச்சு அண்ணை."

"ஆர் குடுத்தது?"

பொலிஸ் எடுத்தது என்று சொல்லு என்று யோகக்கா சொன்னார். இனி அவருக்கு ஒரு பொய்யும் சொல்லமாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். "நான்தான் குடுத்தன்" என்பேன். நீயோ என்பார். உனக்கு என்ன செய்தன் நான், காட்டிக் குடுத்தவனே, என்பார். இனி இந்த வாசலை மிதியாதை என்பார். நான் எழும்பிப் போய்விடுவேன். அடுத்த ஞாயிறு, கன நாளாய்க் காணேல்லை நித்தி, வா, என்று கதிரையை இழுத்துப் போடுவார்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஏச்சு, ஒரே சொல், எத்தனை கிழமைக்குத்தான் வாங்குவது? ஏன் குடுத்தனான் எண்டு கேளுங்கோ, என்று சத்தம் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடவை, பிள்ளைகள், பட்டியைப் பிடித்த கை, எண்ணி எண்ணிப் பார்த்த பெண். அண்ணை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்றார்.

"இல்லை அண்ணை."

"உண்மையாய்ச் சொல்லு. நான் இடிச்சனானோ?"

"இல்லை."

நம்பவில்லை. எழும்பிப் போய்க் காரின் முன்பக்கத்தில் குந்தி, பம்பரை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, கீழேயும் கையை விட்டு. பிறகு அங்கேயே நிலத்தில் இருந்து அழுதார். "நல்ல வேலை செய்தாய் நித்தி, நல்ல வேலை செய்தாய்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதைக் கேட்கத்தானே அத்தனை ஞாயிறும் காத்திருந்தேன். கேட்டபோது எனக்கு அது வேண்டாமாக இருந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்றும், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை என்றும் யோகக்கா சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி சட்டைப் பையைத் தடவினார். ஆர் குடுத்தது என்று கேட்டார். நான்தான் அண்ணை என்றேன். ஏன் என்று கேட்டார்.

"சும்மா," என்றேன். "எரிச்சலிலை குடுத்தனான்."

வாசலைக் காட்டினார். நான் எழும்பி, கதிரையை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டு வெளியே வந்தேன். பின்னால் அவர் ஏசிக்கொண்டிருந்தார். மேல்மாடிக் கிழவி யன்னலைத் திறந்து பார்த்தாள்.